வெனிஸ் மணி யாருடைய மணி?

மணி வேலை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பரதநாட்டிய உடுப்பு, கலியாணத்துக்குத் தைத்த பிளவுஸ், கோடை முகாமில் கோர்த்த நைலோன் வளையல். எங்களில் பலருக்கு அது அலங்காரம், இல்லாவிட்டால் பொழுதுபோக்கு. கனடாவில் பிறந்து வளர்ந்த நானும் வெகுகாலம் அப்படித்தான் பார்த்தேன். கண்ணாடி மணியை வைத்துச் சட்டத்தோடு, நோயோடு, சாவோடு வாதாடுகிற கலைஞர்கள் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும்.

முதலில் ஒரு சின்ன வரலாறு, ஏனென்றால் என்னுடைய வாதம் அதில்தான் நிற்கிறது. வட அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் ஆதியில் சிப்பி, எலும்பு, விதை, சாயமிட்ட முள்ளம்பன்றி முள் ஆகியவற்றால் அலங்கார வேலை செய்தார்கள். கண்ணாடி மணி அவர்களுடையது அல்ல. அது ஐரோப்பிய வியாபாரிகளோடு வந்தது. வெனிஸிலும் பொஹீமியாவிலும் செய்த மணியைக் கொடுத்துவிட்டு மிருகத் தோலை வாங்கிப் போனார்கள். இன்றைக்கும் கலைஞர்கள் விரும்பி வாங்குகிற நுண்மணிகள் செக் நாட்டிலும் ஜப்பானிலும் செய்யப்படுபவை. ஆனால் பூர்வகுடி மணி வேலையைப் பார்த்து "இது வெனிஸ்காரர் கலை" என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மொன்றியலில் பிறந்த நாடியா மயரிடம் வாருங்கள். அனிஷினாபே இனத்தவர். கனடாவில் 1876 ஆம் ஆண்டு வந்த ஒரு சட்டத்துக்கு "இந்தியன் சட்டம்" என்று பெயர். (நாங்கள் அல்ல, கொலம்பஸின் குழப்பம்.) யார் பூர்வகுடி, யார் இல்லை என்பதை ஒட்டாவாவில் இருந்துகொண்டு தீர்மானிக்கிற சட்டம் அது. அந்தத் தகுதி இல்லாத ஆணைக் கலியாணம் செய்த பெண் தன் தகுதியை இழந்துவிடுவாள். ஆணுக்கு அந்த நிபந்தனை இல்லை. 1985 இல்தான் அதைத் திருத்தினார்கள். மயரும் அவருடைய தாயும் தங்கள் தகுதியைத் திரும்பப் பெற்றது 1997 இல். அதாவது, அவர் தன் அடையாளத்துக்கு வளர்ந்த பிறகு வந்து சேர்ந்தவர். வீட்டில் பாட்டி மடியில் இருந்து மணி கோர்க்கப் பழகிய கதை அல்ல இது.

2000 ஆம் ஆண்டு அவர் அந்தச் சட்டத்தின் 56 பக்கங்களை எடுத்தார். எழுத்து இருந்த இடமெல்லாம் வெள்ளை மணி. தாள் வெறுமையாக இருந்த இடமெல்லாம் சிவப்பு மணி. தனியாகச் செய்யவில்லை. 230 பேருக்கு மேல் ஊசியும் நூலுமாகக் கூடி இருந்து தைத்தார்கள். நண்பர்கள், தெரிந்தவர்கள், முன்பின் தெரியாதவர்கள். 2002 வரை வேலை நடந்தது. சில பக்கங்கள் முடியவேயில்லை. மணிகள் பாதியில் நிற்க, கீழே சட்டத்தின் வரிகள் தெரியும். தள்ளி நின்று பார்த்தால் ஒரு பக்கம் போலவே இருக்கும். வரிகள், பந்திகள், இடைவெளிகள் எல்லாம் இருக்கும். வாசிக்க மட்டும் முடியாது.

நான் பொறியியல் படித்தவன், கணினியோடு சீவிக்கிறவன். எனக்கு அது திரையின் புள்ளிகளாகத்தான் முதலில் தெரிந்தது. பிறகுதான் கணக்கு உறைத்தது. இந்த வகை வேலைகளுக்கு வழக்கமாக எடுக்கிற 11 ஆம் எண் மணியின் குறுக்களவு ஏறக்குறைய 2 மில்லிமீற்றர். (எண் கூடக்கூட மணி சிறிதாகும்.) ஒரு பக்கத்தை நிரப்ப எத்தனை தரம் ஊசி ஏறி இறங்க வேண்டும் என்று நீங்களே யோசியுங்கள். ஒரு சட்டத்தைக் கிழிக்க ஒரு நொடி போதும். அதை எழுத்து எழுத்தாக மூடுவதற்கு ஒவ்வொரு எழுத்தையும் பார்த்தாக வேண்டும்.

அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போது எங்கள் சரித்திரம் ஞாபகம் வராமல் இருக்காது. இலங்கையில் 1948 இல் வந்த குடியுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான மலையகத் தமிழரை ஒரே போக்கில் நாடற்றவர் ஆக்கியது. உங்கள் அம்மா அப்பாவிடம் அகதி விசாரணைக் கடிதங்கள் இருந்த பெட்டியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நீ யார் என்பதை ஒரு தாள் சொல்கிற அனுபவம் எங்களுக்கும் புதிதல்ல.

ரூத் கட்ஹாண்ட் வேறு பாதை. சஸ்காச்சுவானைச் சேர்ந்த கிறீ கலைஞர், 1954 இல் பிறந்தவர். எட்டு வயதில் ஜெரால்ட் டெயில்ஃபெதர்ஸ் என்ற பூர்வகுடி ஓவியரைச் சந்தித்ததுதான் தனக்கும் இந்த ஆசை வரக் காரணம் என்கிறார். ஓவியம், வரைதல் என்று பல வருடம் போய், கல்லூரியில் கற்பித்து, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகே அவரை எல்லோருக்கும் தெரியவைத்த மணி வேலைகளைச் செய்தார். "வியாபாரம்" என்று பொருள்படும் தலைப்பில் ஒரு வரிசை. கறுப்புப் பின்னணியில் பளபளக்கும் வட்டங்கள், பூப்போல, நகைபோல. கிட்டப் போனால் அவை நுணுக்குக்காட்டியில் தெரியும் பெரியம்மை, சின்னமுத்து போன்ற நோய்களின் கிருமிகள். மணி வந்த அதே ஐரோப்பியரோடு வந்து சேர்ந்த நோய்கள். எந்தப் பண்டத்தைக் கொடுத்தார்களோ அந்தப் பண்டத்தாலேயே கணக்கை எழுதிக் காட்டுகிறார். 2020 இல் முகக்கவசத்தின் மேல் கொரோனாக் கிருமியையும் தைத்தார். பகிடியும் கோபமும் சேர்ந்த கை அது. எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான்.

எல்லைக்கு அந்தப் பக்கம், பால்ற்றிமோரில், ஜோய்ஸ் ஸ்கொட். 1948 இல் பிறந்த கறுப்பினப் பெண். இவருக்குத் தாய்தான் முதல் ஆசிரியர். எலிசபெத் ரல்ஃபோர்ட் ஸ்கொட், துணித்துண்டுகளைச் சேர்த்துப் போர்வை தைப்பதில் பெயர் பெற்றவர். தென் கரோலினாவில் குத்தகை விவசாயம் செய்த குடும்பத்தில் பிறந்தவர். மகள் தையலிலிருந்து மணிக்கு வந்தார். 1976 இல் மேய்ன் மாநிலத்தில் ஒரு கைவினைப் பள்ளியில், கிறீக் இனத்தவர் ஒருவரிடம் "பெயோட்டி" தையலைக் கற்றார். செங்கல் அடுக்குவதுபோல ஒரு மணி விட்டு ஒரு மணியாக ஊசியால் கோர்த்துப் போகும் முறை. தறி வேண்டாம், சட்டகம் வேண்டாம், நினைத்த பக்கம் வளைக்கலாம். அதை வைத்துத்தான் நிறவெறியையும் கும்பல் கொலையையும் பற்றிய சிற்பங்களைச் செய்தார். மினுக்கம் உங்களைக் கிட்ட இழுக்கும்; கிட்டப் போன பிறகுதான் என்ன பார்க்கிறீர்கள் என்று விளங்கும். மக்ஆர்தர் விருது 2016 இல் கிடைத்தது. அப்போது வயது 67.

யாரிடம் கற்றார் என்பதை அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் மறக்காமல் சொல்கின்றன. இணையத்தில் படம் பார்த்து வடிவத்தை எடுத்துக்கொண்டு "இன்ஸ்பிரேஷன்" என்று போடுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

கிறிஸ்ரி பெல்கோர்ட்டைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பற்று. 1966 இல் அவர் பிறந்தது ஸ்காபரோவில்! மேற்றீ இனத்தவர். பூ வடிவ மணி வேலைக்குப் பேர்போன சனம். இவர் முக்கியமாக ஓவியர். ஆனால் வர்ணத்தைப் புள்ளி புள்ளியாக ஒற்றி ஒற்றி, மணி தைத்தது போலவே வரைவார். 2012 இல் முகநூலில் ஒரு வேண்டுகோள் விட்டார். காணாமல்போன, கொலைசெய்யப்பட்ட பூர்வகுடிப் பெண்களுக்காக மொக்கசின் சப்பாத்தின் மேற்பகுதியை அலங்கரித்து அனுப்புங்கள் என்று. 600 கேட்டார்; 1,700க்கு மேல் வந்தன. சப்பாத்தாகத் தைத்து முடிக்கவில்லை. முடியாமல் நின்றுபோன வாழ்க்கைகள் அல்லவா? தரையில் துணி விரித்து அவற்றை வரிசையாக வைப்பார்கள். வந்தவர்கள் பக்கத்தால் மெதுவாக நடந்து போவார்கள். 2013 முதல் 2019 வரை அது நாடெங்கும் போனது. காணாமல்போன பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காகத் தெருவோரம் இருக்கும் தாய்மாரை முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் பார்த்த சமூகம் நாங்கள். அந்த வரிசை எங்களுக்கு விளங்கும்.

இப்போது வெனிஸுக்குத் திரும்புவோம். உங்களிடம் எத்தனை பேர் "உன்ர தமிழ் சரியில்லை", "இது எங்கட முறை இல்லை" என்று சொல்லியிருப்பார்கள்? இரண்டாம் தலைமுறைக்கு இது தினசரிப் பரீட்சை. ஆங்கிலம் கலந்தால் குறை, ஆட்டத்தில் ஹிப்ஹொப் கலந்தால் குறை. மணி வேலை இந்தப் பரீட்சைக்கே அர்த்தமில்லை என்று காட்டுகிறது. பண்டம் வெளியிலிருந்து வந்தது. அதுவும் அநியாயத்தோடு சேர்ந்து வந்தது. தலைமுறை தலைமுறையாகக் கண்ணைக் கெடுத்து, விரலைக் குத்தி, ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்ததால் அது அவர்களுடையது ஆகிவிட்டது. ஆனால் இந்த வாதம் சும்மா கலப்பவர்களுக்கு உதவாது. உழைத்தவர்களுக்கு மட்டும்தான் செல்லும்.

மணியில் எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடிக் குழாயை இழுத்து, நறுக்கி, சின்ன மணிகள் செய்தார்கள். மன்னாருக்குக் கிட்ட உள்ள மாந்தையிலும் அந்த வேலை நடந்தது. இந்த வகை மணிகள் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொரியா வரை அகழ்வுகளில் கிடைத்திருக்கின்றன. உடனே "உலகத்துக்கு மணி கொடுத்தவன் தமிழன்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், தயவுசெய்து. மணி போன ஊர்களில் எல்லாம் அதை வாங்கியவர்கள் தங்கள் விருப்பப்படி கோர்த்தார்கள். அரிக்கமேட்டுக் கொல்லரிடம் முறை கேட்டிருக்க மாட்டார்கள்.

கலைத்துறைக்குப் போகவா என்று எனக்கு எழுதுகிற தம்பி தங்கச்சிமாருக்கு: "மனம் சொல்வதைச் செய்" என்ற சுவரொட்டி வசனத்தை நான் சொல்லப்போவதில்லை. கட்ஹாண்ட் கற்பித்துச் சம்பாதித்துக்கொண்டுதான் வேலை செய்தார். ஸ்கொட்டுக்குப் பெரிய விருது வர நாற்பது வருடம் எடுத்தது. அம்மா அப்பா காசைப் பற்றிக் கேட்கும் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் வைத்துக்கொண்டு போங்கள். ஆனால் "இதெல்லாம் ஒரு வேலையா" என்று கேட்டால், மயரின் 56 பக்கங்களைக் காட்டுங்கள்.

கோடையில் பவ்வாவ் விழாக்களுக்குப் போனால் மணித்தோடு விற்கிற மேசைகளைப் பார்ப்பீர்கள். ஒரு சோடி நூறு டொலர் என்றால் பேரம் பேசாதீர்கள். எத்தனை மணி கோர்த்திருக்கிறார், அதற்கு எத்தனை மணித்தியாலம் போயிருக்கும் என்று மனக்கணக்குப் போடுங்கள். அந்த மணித்தியாலக் கூலிக்கு என் தொழிலில் ஒருவரும் மின்னஞ்சலுக்குக்கூடப் பதில் போடமாட்டார்கள்.