படம் யாருக்காக?

2023 ஆகஸ்ட் 5ந் தேதி, சனிக்கிழமை. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் திடலில் தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயம். பெங்களூரிலிருந்து வந்த 13 வயதுச் சிறுவன் வண்டியிலிருந்து விழுந்து மாண்டான். அதே ஆண்டு ஜனவரி 8ந் தேதி, அதே திடலில் நடந்த கார்ப் பந்தயத்தில் 59 வயதான மூத்த வீரர் கே. இ. குமார் உயிர் துறந்தார். பந்தயத்தை நிறுத்த அமைப்பாளருக்கு அதிகாரம் உண்டு, நிறுத்தினார்கள். ஆனால், இப்படி ஒரு சாவு நேரும்போது வேலிக்கு வெளியே நீளும் ஆயிரம் கைப்பேசிகளை நிறுத்த யாருக்கு அதிகாரம் உண்டு?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடித் தோழர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். பந்தய வீரன் தரையில் உரசிப் போகும்போது அவன் தோலைக் காப்பது பதனிட்ட தோல்தான். தோலின் அருமை தெரிந்த பூமி இது. ஆம்பூர் ஷூ ஏற்றிச் சென்னைத் துறைமுகம் போகும் லாரி அந்தத் திடலுக்குப் பக்கத்துச் சாலை வழியேதான் போகிறது. அதே நெடுஞ்சாலையில்தான், 2023 செப்டம்பர் 17ந் தேதி, தாமல் அருகே யூடியூப் பிரபலம் ஒருவர் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டி, தூக்கி எறியப்பட்டார். பத்தாண்டுக்கு லைசென்ஸ் போயிற்று. விழுந்த காட்சியோ வீடு வீடாகப் போயிற்று! வித்தையைக் காட்டினால் கூட்டம். விழுந்தால் அதைவிடப் பெருங்கூட்டம். இதுவும் ஒரு வாணிபமாகிவிட்டது.

அப்படியானால் படமே கூடாது என்பதா? அதை நாம் ஏற்கவில்லை. 2014 அக்டோபர் 5ந் தேதி, ஜப்பானில் சுசுகா பந்தயத்தில், பிரெஞ்சு வீரர் ஜூல் பியாங்கியின் கார், ஓடுபாதையோரம் நின்ற பளுதூக்கி வண்டியில் மோதியது. அதிகாரபூர்வ ஒளிபரப்பில் மோதல் வரவில்லை. பார்வையாளர் ஒருவர் எடுத்த படம்தான் வெளியே வந்தது. பளுதூக்கி நின்ற இடமும், கொடி காட்டுவோர் நின்ற மேடையும் அதில் தெரிந்தன. மழையில், மங்கும் வெளிச்சத்தில், கார்கள் பறக்கும்போது அந்த வண்டி அங்கே ஏன் நின்றது என்று உலகம் கேட்டது. அடுத்த ஆண்டே, ஆபத்து வேளையில் எல்லாக் கார்களையும் ஒருசேர வேகம் குறைக்கவைக்கும் புதிய முறை பந்தயத்தில் வந்தது. 2015 ஜூலையில் அந்த இளைஞர் இறந்தார். அந்தப் படத்தைக் குற்றம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

இன்னொன்றும் உண்டு. 2020 நவம்பர் 29ந் தேதி, பஹ்ரைனில், ரொமெய்ன் குரோஷான் கார் தடுப்பில் மோதித் தீப்பந்தாயிற்று. அவர் உயிரோடு வெளியே வந்தார் என்று தெரிந்த பிறகே காட்சியைத் திருப்பிக் காட்டினர். அதுவரை சரி. பிறகு? மீண்டும் மீண்டும், பல கோணங்களில்! அன்று சக வீரர் டேனியல் ரிக்கார்டோ கொதித்தெழுந்தார். வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்களை எண்ணிப் பார்த்தீர்களா என்பது அவர் கேள்வி. முதல் தடவை காட்டுவது செய்தி. பத்தாம் தடவை காட்டுவது எதற்கு?

நமக்குத் தோன்றுவது இதுதான். திடலில் வேலிக்கு வெளியே நிற்பவனால் அடிபட்டவனைத் தூக்க முடியாது; தாண்டிக் குதித்தால் இன்னொரு சாவு. அவன் கையில் படம் இருந்தால் வெட்டாமல் ஒட்டாமல் விசாரணை செய்வோரிடம் தரட்டும். இறந்தவன் முகமும், சிறுவனின் முகமும் பெற்றவர்களுடையவை. அவர்கள் கேள்விப்படுமுன் ஊர் பார்க்கலாகாது. (இதை நாளேடுகளுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.) நெடுஞ்சாலையில் விழுந்தவன் விஷயம் வேறு. அங்கே நிற்பவனுக்குத் தூக்கும் கை உண்டு. உதவப் போனால் போலீஸ், கோர்ட் என்று அலையவேண்டும் என்ற பழைய சாக்கும் செல்லாது. 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவுகிறவனுக்குக் காப்பளிக்கிறது.

ராணிப்பேட்டையை மறந்தோமா? 2015 ஜனவரி 31ந் தேதி, விடியுமுன், சிட்கோ பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேரைச் சேறு மூடிற்று. பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தச் சாவுக்குப் பார்வையாளர் இல்லை, பரிசுக் கோப்பை இல்லை. விடிந்தபின் எடுத்த படங்களில் சேறும் உடைந்த சுவருமே மிச்சம். உடையுமுன் அந்தச் சுவரை யாராவது படமெடுத்து அதிகாரிகளின் மேசையில் வைத்திருக்கக் கூடாதா?

அந்த வேலைக்குக் கைப்பேசியைப் பயன்படுத்துவோம். பொங்கல் வந்தால் வேலூர், திருப்பத்தூர்ப் பக்கத்து ஊர்களில் எருது விடும் விழா. வினாடிக் கணக்கில் பந்தயம், தெரு இருமருங்கும் கைப்பேசி. மாடு முட்டித் தூக்குவதை எடுக்கக் காத்திருக்கும் இளைஞர், காலையிலேயே வந்து தடுப்புக் கட்டைகளை எடுக்கட்டும். ஆம்புலன்ஸ் நிற்கிறதா, வழி இருக்கிறதா என்று எடுக்கட்டும். முதல் மாடு அவிழுமுன் அந்தப் படம் தாசில்தார் கைக்குப் போகட்டும்.