இரவல் குரலில் விடுதலை விளையாது!

ஓரினத்தை விழுங்கக் கருதும் வல்லரசு முதலில் அவ்வினத்தின் எல்லையைக் கடக்கின்றது. அடுத்து அதன் பள்ளிக்குள் புகுகின்றது. இறுதியில் அதன் தாலாட்டை நிறுத்துகின்றது. மண்ணை இழந்த இனம் மொழியை வைத்து மண்ணை மீட்கலாம். மொழியையும் பாட்டையும் இழந்த இனம் எதனை வைத்து எதனை மீட்பது? தமிழர்க்கு இக்கேள்வி புதிதன்று. இன்று இதனைத் திபெத்திய மக்களை முன்னிறுத்தி எழுப்புகின்றோம்.

2008ஆம் ஆண்டு, பெய்சிங்கு நகரில் ஒலிம்பிக்கு விளையாட்டு நடந்த வேளையில், ‘திபெத்துக்கான பாடல்கள்’ என்னும் இசைத்தொகுதி வெளிவந்தது. இசுட்டிங்கு முதலான மேலைநாட்டுப் பாடகர் பலர் அதில் இடம்பெற்றனர். அந்நாள்களில் சீனத்தில் ஆப்பிள் நிறுவனத்தின் இணைய இசைக்கடை முடங்கியது; அதற்கு இத்தொகுதியே ஏதுவாகலாம் எனச் செய்தித்தாள்கள் எழுதின. அத்தொகுதியை உருவாக்கினோர்க்கு நம் நன்றி உரியது. ஆயினும் அதில் மேலோங்கி ஒலித்தது ஆங்கிலமே! வாய் கட்டப்பட்டவனுக்காகப் பிறர் பேசுதல் அறந்தான். அவனே பேசுமாறு கட்டினை அவிழ்த்தல் அதனினும் பேரறம் அன்றோ?

திபெத்தியர்க்குப் பாட்டு பொழுதுபோக்கன்று, உயிர். நாடிழந்து வந்த 1959ஆம் ஆண்டிலேயே தம் இசையையும் கூத்தையும் காப்பதற்கென ஒரு நிறுவனத்தை அவர்கள் கண்டனர். 1993இல் இலாசா நகரின் திராப்சிச் சிறையில் அடைபட்டிருந்த பெண்துறவியர் பதினால்வர், கமுக்கமாக உள்ளே வந்த ஒலிப்பதிவுக் கருவியில் தம் பாடல்களைப் பதிந்து வெளியே அனுப்பினர். அதற்காக அவர்தம் சிறைக்காலத்தைப் பல்லாண்டுகள் நீட்டினர். கருநாடகத்து முண்டகோடு ஏதிலியர் குடியிருப்பில் வளர்ந்த நவாங் சோபெல் என்பார், முன்னோர் பாடிய நாட்டுப் பாடல்களைப் பதிவு செய்ய 1995இல் திபெத்துக்குச் சென்றார். அவரை உளவாளி எனப் பழித்துப் பதினெட்டாண்டுச் சிறை விதித்தனர். மகனைக் காண ஒப்புதல் வேண்டி அன்னையார் தில்லித் தெருவில் அமர்ந்து போராடினார். 2002இல்தான் மகன் விடுவிக்கப்பட்டார். எண்ணிப் பாருங்கள்! அவர் கையில் படைக்கலம் இல்லை. ஒலிப்பதிவுக் கருவியே இருந்தது. தாய்மொழிக் கல்வி கேட்ட தாசி வாங்சுக்கு என்னும் கடைக்காரரும் ஐந்தாண்டுச் சிறை முடித்து 2021இல் வெளிவந்தார்.

எம்மூராகிய கறம்பக்குடியில் எம்பால் தமிழ் கற்ற இளைஞர் சிலர், திபெத்தியர்க்கென ஓர் இசைத்தொகுதி வெளியிட்டுப் பொருள் திரட்ட எண்ணுகின்றனர். இதனைக் கேட்ட அன்பர் ஒருவர், “முள்ளிவாய்க்காலில் நம் உடன்பிறந்தார் மடிந்தபோது நமக்கு யார் பாடினர்? நம் வீடு எரிகையில் அயல்வீட்டுக்கு நீர் இறைப்பதா?” எனச் சினந்தார். அச்சினம் நம் சினமே. 2009ஆம் ஆண்டின் புண் இன்னும் ஆறவில்லை. ஆனால், உலகம் நமக்காக வாய் திறக்கவில்லை என்பதன்றோ நம் குற்றச்சாட்டு? அதே குற்றத்தைத் திபெத்தியர்க்கு நாம் இழைத்தால், உலகைக் குற்றஞ்சாட்டும் தகுதி நமக்கு எங்கிருந்து வரும்? பிறன் அழுகுரல் கேளாத செவிக்குத் தன் அழுகுரலைக் கேட்பிக்கும் உரிமையும் இல்லை.

இன்னுஞ் சிலர், “ஆங்கிலமும் இந்தியும் கலந்து பாடினால்தான் விலைபோகும்” என்கின்றனர். இதனைத்தான் நாம் முற்றும் மறுக்கின்றோம். ஒருவன் மொழி அழிக்கப்படுவதைக் கண்டிக்கும் பாட்டை, மற்றொருவன் தன் மொழியைச் சிதைத்துப் பாடுவதா? கொலையைக் கண்டிக்கும் கூட்டத்தில் கத்தி விற்பது போன்றதன்றோ அது!

எனவே, இளைஞர்க்கு மூன்று சொல்கின்றோம். ஒன்று, தொகுதியில் பாதிப் பாடல்களேனும் திபெத்திய மொழியில், திபெத்தியர் வாயாலேயே ஒலித்தல் வேண்டும். முண்டகோடும் பைலகுப்பையும் நமக்குக் கடல் கடந்த ஊர்கள் அல்ல. இரண்டு, தமிழ்ப் பாடல்கள் கலப்பற்ற தமிழில், பறையும் குழலும் தவிலும் முழங்க அமைதல் வேண்டும். ஒருவர் பாட்டின் பொருளை மற்றவர் மொழியில் அச்சிட்டு உடன் வழங்குக. மூன்று, பாடுமுன் கணக்கை ஒழுங்கு செய்க. 1971 ஆகத்து முதல்நாள் இரவிசங்கரும் சார்சு ஆரிசனும் வங்க மக்களுக்காக நியூயார்க்கில் நடத்திய இசைநிகழ்ச்சி, ஏறத்தாழ 2,43,000 தாலர் ஈட்டியது. ஆனால், அதனையொட்டி வந்த இசைத்தட்டின் வருவாயோ வரிச் சிக்கலில் மாட்டிப் பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்தது. நல்ல நெஞ்சம் மட்டும் போதாது. நல்ல கணக்கும் வேண்டும்.

தமிழ்ப் பெருமக்காள்! இசையைக் கல்லில் பொறித்து வைத்த குடுமியான்மலை நம் புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் உள்ளது. மொழிக்காக 1965இல் உயிரீந்த கீரனூர் முத்துவும் விராலிமலைச் சண்முகமும் இம்மாவட்டத்தாரே. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப்பாட்டுக்கு இடம் கேட்டு 1941இல் அண்ணாமலைநகரில் மாநாடு கூட்ட வேண்டியிருந்த இனம் நாம். இன்றோ நம் திருமண வீடுகளில் ஒலிபெருக்கி அலறுவது எம்மொழி என்று நமக்கே விளங்கவில்லை! திபெத்தியப் பெண்கள் சிறைக்குள் இருந்து தம் மொழியில் பாடினர். நம்மைத் தடுப்பார் எவருமில்லை. எனினும் நாம் பாடுகின்றோமா?

திபெத்துக்குப் பாடுவோம்; நம் வாயால் நம் தமிழில் பாடுவோம். அவர்கள் வாயால் அவர்கள் மொழியில் பாட மேடை அமைப்போம். சொந்தக் குரலே விடுதலையின் முதற்குரல்!