விசிலும் தமாலே வண்டியும்



அமெரிக்கக் குடியேற்றச் சோதனைகள் பற்றிய உங்கள் கட்டுரையில் கைதுகள் விரிவாக இருந்தன. அக்கம்பக்கத்தார் செய்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 2025 செப்டம்பரில் சிகாகோவில் தேடுதல் வேட்டை தொடங்கியபோது நான் இங்கேதான் இருந்தேன்.

ஒரு தேவாலயக் கூடத்தில் உட்கார்ந்து விசில்களைப் பொட்டலம் கட்டினோம். கூடவே துண்டுச்சீட்டு: அதிகாரிகள் நடமாட்டம் தெரிந்தால் விட்டுவிட்டு ஊதவும், யாரையாவது பிடித்தால் நீட்டி ஊதவும். நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் இல்லாவிட்டால் கதவைத் திறக்க வேண்டியதில்லை என்று இன்னொரு அட்டை. பலர் ஏமாறுவது இங்கேதான். குடியேற்றத் துறை தானே கையெழுத்திட்டுக் கொண்டுவரும் தாளிலும் ‘வாரண்ட்’ என்றுதான் போட்டிருக்கும்.

தன்னார்வலர்கள் யாரையும் தடுப்பதில்லை. தள்ளி நின்று செல்போனில் படம் எடுப்பார்கள். பிடிபட்டவரின் பெயரைக் கேட்டு உதவி எண்ணுக்குச் சொல்வார்கள்.

லிட்டில் வில்லேஜ் பகுதியில் தமாலே (சோளத்தோகையில் மடித்து அவிப்பது, நம் இலைக்கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை) விற்கும் அம்மாக்களிடம் தன்னார்வலர்கள் காலையிலேயே சைக்கிளில் போய் மொத்தச் சரக்கையும் வாங்கிவிடுவார்கள். அந்த அம்மாக்கள் தெருவில் நின்று மாட்டிக்கொள்ளாமல் சீக்கிரம் வீடு போய்ச் சேரட்டும் என்றுதான்.

“நமக்குத்தான் விசா இருக்கிறதே” என்று ஒதுங்கிய தமிழ் நண்பர்களும் உண்டு. என்னோடு பொட்டலம் கட்டிய வெள்ளைக்காரப் பாட்டிக்கு விசாவே தேவையில்லை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சிகாகோ