குடல் சுவரைக் காப்பது நம் தட்டுதான்

வயிறு மந்தம் என்றால் உடனே நொதி மாத்திரை, இல்லையேல் ‘நல்ல பாக்டீரியா’ அடைத்த குப்பி என்று தேடும் பழக்கம் பெருகிவிட்டது. குடலில் எந்த பாக்டீரியாவைப் புதிதாகக் குடியேற்றலாம் என்பதைவிட, ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்களுக்கு நாம் என்ன போடுகிறோம் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. குடல் சுவரைக் காப்பதும் அரிப்பதும் பெரும்பாலும் அவற்றின் நொதிகள்தான். அவை எந்தப் பக்கம் சாயும் என்பதில் உணவுக்குப் பெரும் பங்கு உண்டு.

உணவில் உள்ள மாவுச்சத்து, சர்க்கரை வகைகளைச் சிதைக்க மனித உடல் தானே செய்யும் நொதிகள் இருபதைக்கூடத் தொடுவதில்லை. நம் குடலில் வாழும் ‘பாக்டீராய்ட்ஸ் தீட்டாயோட்டாமைக்ரான்’ என்ற ஒரே ஒரு பாக்டீரியா இனத்திடம் அத்தகைய நொதிகளுக்கான மரபணுக்கள் 250-க்கு மேல் உள்ளன. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்கு வரும் நார்ச்சத்தை இந்த பாக்டீரியாக்கள் கூட்டாக உடைத்துப் புளிக்கவைக்கின்றன. அதில் பியூட்டிரேட் முதலான கொழுப்பு அமிலங்கள் உருவாகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முதன்மையான எரிபொருள் அந்த பியூட்டிரேட்தான். அந்தச் செல்களுக்கு மேலே வழுவழுப்பான சளிப்படலம் ஒன்று காவலாக நிற்கிறது. அதன் புரதங்களிலும் சர்க்கரைச் சங்கிலிகள் நிறைந்திருப்பதால், நார்ச்சத்தை உடைப்பது போன்ற நொதிகளால் அந்தப் படலத்தையும் உடைக்க முடியும். வெளியிலிருந்து தீனி வராதபோது பாக்டீரியாக்கள் வீட்டுச் சுவரையே தின்னத் தொடங்குகின்றன.

2016-இல் ‘செல்’ ஆய்விதழில் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மனிதக் குடல் பாக்டீரியாக்களின் 14 இனங்களை எலிகளுக்குள் வளரவிட்டு, உணவிலிருந்து நார்ச்சத்தை நீக்கினார்கள். சளிப்படலத்தைத் தின்னும் இனங்கள் பெருகின, படலம் மெலிந்தது. குடல்நோய்க் கிருமி ஒன்றைச் செலுத்தியபோது அந்த எலிகளுக்குக் கடும் குடல் அழற்சி கண்டது. பிரித்தெடுத்துத் தூளாக்கிய நார்ச்சத்தைக் கொடுத்தும் படலம் சிதைவது நிற்கவில்லை. முழுத் தானியமும் காய்கறியும் தருவதை ஒரு டப்பாத் தூள் தந்துவிடும் என்று நம்புவோர் கவனிக்க வேண்டிய முடிவு இது.

எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேருமா என்று கேட்பது நியாயமே. 2015-இல் அமெரிக்கக் கறுப்பின மக்கள் 20 பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தினர் 20 பேரும் இரண்டு வாரம் உணவை மாற்றிக்கொண்ட ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகிறது. நார்ச்சத்து மிகுந்த உணவுக்கு மாறிய அமெரிக்கர்களுக்கு பியூட்டிரேட் உற்பத்தி கூடி, குடல் சுவரின் அழற்சி குறைந்தது. ஆப்பிரிக்கர்களுக்கு நேர்மாறாக ஆயிற்று. கொழுப்பின் அளவும் அதில் மாற்றப்பட்டதால் எல்லாப் பெருமையையும் நார்ச்சத்துக்கே கொடுக்க முடியாது. ஆனாலும் பதினான்கு நாளில் மனிதக் குடல் உணவுக்கு இசைந்து மாறியது என்பதை மறுக்க முடியாது.

நார்ச்சத்து கூடினால் வயிறு உப்புகிறதே என்பார்கள். புளிக்கும்போது வாயு வருவது இயல்பு. அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் பலருக்கும் பழகிவிடும். குடல் அடைப்பு, தீவிரக் குடல் அழற்சி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும். கணையம் போதிய நொதி சுரக்காதவர்களுக்கு நொதி மாத்திரை அவசியமான மருந்து. அதை யாரும் கைவிடக் கூடாது. மற்றவர்கள் மாத்திரையைத் தேடுமுன் தட்டைப் பார்ப்பது நல்லது. நாளுக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தீட்டிய வெள்ளை அரிசிச் சோறும் மைதாப் பரோட்டாவும் மட்டும் அந்தக் கணக்கை எட்டவைக்காது. சோற்றைக் கொஞ்சம் குறைத்து, சுண்டலையும் கீரையையும் அவரைக்காய்ப் பொரியலையும் கூட்டுங்கள். வாரத்தில் சில நாள் கேழ்வரகும் கம்பும் சமையுங்கள். குடலில் இருப்பவை பசியோடு இருந்தால் நம் சுவரைத்தான் உண்ணும். அவற்றுக்கும் சேர்த்துப் பரிமாறுங்கள்.