நீர்க்கடுப்பு என்று வரும் இளைஞரிடம் இதையும் கேளுங்கள்

அரசு மருத்துவமனைகளில் மயக்க மருந்து கொடுத்தே ஓய்வு பெற்றவன் நான். கெட்டமைனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வராது. வெண்டிலேட்டர் இல்லாத தாலுகா மருத்துவமனையிலும் அதை நம்பிக் கை வைக்கலாம். உரிய அளவில் கொடுத்தால் பெரும்பாலும் மூச்சு நிற்காது, ரத்த அழுத்தம் விழாது. தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது குழந்தைகளுக்குப் போடுவோம். கண் திறந்தே இருக்கும், விழி மட்டும் பக்கவாட்டில் ஆடும், புண்ணில் பஞ்சு படுவது தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதற்கு இடம் உண்டு.

"டாக்டரே போடுற மருந்துதானே" என்ற பேச்சு இதிலிருந்துதான் கிளம்புகிறது. நாங்கள் எடைக்கு ஏற்ப மில்லிகிராம் கணக்கில் போடுகிறோம். நோயாளி தெளியும் வரை தலைமாட்டிலேயே நிற்கிறோம். அப்படியும் சிலர் தெளியும்போது அலறுவார்கள். ஒரு அம்மா, கூரையோரம் மிதந்தபடி தன் உடம்பைத் தானே பார்த்ததாகச் சொல்லி, சிஸ்டரின் கையை விடவே இல்லை. அந்த மிதப்பைத்தான் விருந்துகளில் பொடியாக மூக்கில் இழுத்துத் தேடுகிறார்கள். தலைமாட்டில் நிற்க அங்கே ஆள் கிடையாது. அமெரிக்க நடிகர் மேத்யூ பெர்ரி 2023 அக்டோபரில் தன் வீட்டு வெந்நீர்த் தொட்டியில் இறந்து கிடந்தார். முதன்மைக் காரணம் கெட்டமைன் என்றது பிரேதப் பரிசோதனை. அந்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களில் இருவர் மருத்துவர்கள். என் தொழில்காரர்கள் இதைப் படித்துத் தலைகுனிய வேண்டும்.

சாவு செய்தியாகிறது, சிறுநீர்ப்பை ஆவதில்லை. கெட்டமைனும் அதன் சிதைபொருள்களும் சிறுநீரோடுதான் வெளியேறுகின்றன. தொடர்ந்து எடுப்பவருக்குப் பையின் உள்தோல் புண்ணாகிறது, சுவர் தடித்துச் சுருங்குகிறது. 400 மில்லி தாங்க வேண்டிய பை 100 மில்லிகூடத் தாங்காது. கால் மணிக்கொரு தரம் ஓட்டம், எரிச்சல், ரத்தம். 2007-இல் டொரான்டோ மருத்துவர்கள் இப்படி ஒன்பது பேரைப் பற்றி எழுதினார்கள். ஹாங்காங்கில் இளைஞர் கூட்டமே இந்தத் தொல்லையோடு வந்தது. கொடுமை என்னவென்றால், அந்த வலியை மறக்கடிப்பதும் கெட்டமைன்தான். வலிக்காகவே மறுபடி இழுக்கிறார்கள்.

நம் ஊரில் இது எப்படித் தெரியவரும்? இருபது வயதுப் பையன் நீர்க்கடுப்பு என்று வருவான். கல்ச்சரில் கிருமி வளராது. ஆன்டிபயாட்டிக் எழுதுவோம், கேட்காது, வேறொன்று எழுதுவோம். "தம்பி, பொடி ஏதாவது எடுத்துக்கிறியா?" என்று அப்பா அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு ஒரு வார்த்தை கேட்பதில்லை. சென்னை வழியாகக் கெட்டமைன் கடத்தல் பிடிபடுவதைப் பல ஆண்டுகளாகப் பேப்பரில் படித்துக்கொண்டே, நம் நோயாளி மட்டும் அதைத் தொடமாட்டான் என்று நம்புவது சோம்பேறித்தனம்.

சீக்கிரம் நிறுத்தினால் பலருக்குப் பை தேறும். முற்றினால் குடலை வெட்டி ஒட்டிப் பையைப் பெரிதாக்க நேரும்; சிறுநீரகமும் கெடும். ஹெராயினுக்கு இருப்பதுபோல் மாற்று மருந்து இதற்குக் கிடையாது. மனநல ஆலோசனை, அடியில் மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருந்து, கூடவே வலிக்கு முறையான சிகிச்சை. வலியை அப்படியே விட்டுவிட்டு "விட்டுத் தொலை" என்று அதட்டுவதில் பலனில்லை. சிறுநீரக மருத்துவரும் மனநல மருத்துவரும் ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்க்க வேண்டும். அடித்துத் திருத்துகிறோம் என்று கிளம்பியிருக்கும் பதிவில்லாத 'மறுவாழ்வு' கொட்டடிகளில் பிள்ளையைத் தள்ளாதீர்கள்.

போலீஸ் வருமே என்ற பயத்தில்தான் பல வீடுகள் மூடி மறைக்கின்றன. 2011 முதல் கெட்டமைன் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது, உண்மை. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் பயன்படுத்திய குற்றத்திலோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலோ சிக்கியிருந்தாலும், தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சையை முடித்தால் அந்த வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. மத்திய அரசின் இலவச உதவி எண் 14446. உங்கள் பிள்ளை அடிக்கடி கழிவறைக்கு ஓடினால், திட்டுவதற்கு முன் அந்த எண்ணுக்குப் பேசுங்கள்.