வானமும் சுரங்கமும்



“ஆண்டர்சன்பேட்டையா? தங்கம் தீர்ந்த ஊரன்றோ!” என்று விடுதியில் என்னைக் கேட்காதவர் இல்லை. தங்கம் ஒன்றுதானா எங்கள் புகழ்?

இரண்டாம் உலகப் போர் நாட்களில், பெங்களூரில் இருந்த ஹோமி பாபா, அமெரிக்க விமானப் படையின் விமானத்தில் கருவிகளை ஏற்றிக் காஸ்மிக் கதிர்களை அளந்தார். விண்ணிலிருந்து பொழியும் அக்கதிர்களைப் பூமியின் காந்தப்புலம் வளைக்கிறது. நிலநடுக்கோட்டின் பக்கம் அத்தடை மிகுதி. ஆகவே, கதிரை அளப்பது பூமியை அறிவதுமாகும்.

உயரத்தில் அளந்தவர் ஆழத்திலும் அளக்க விழைந்தார். 1951-ல் பி. வி. ஸ்ரீகண்டனைக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார். 1965-ல், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடம் கிட்டியது. அவ்வாண்டில் அதை முதன்முதல் கண்டவை இரண்டே இடங்கள். மற்றொன்று தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம்.

உயரம் தந்தது விமானம். ஆழம் தந்தது யார்? வட ஆர்க்காட்டிலிருந்து பிழைக்க வந்து, பாறைச் சரிவிலும் தூசு நோயிலும் உயிர் தேய்ந்த நம் பாட்டன்மார் அல்லரோ! அறிஞர் பெயர் ஏட்டில் இருக்கிறது. தோண்டியவர் பெயர் எங்கே?

2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. அதில் இறங்கிய முதியோர் இருக்கும்போதே, அவர்கள் சொல்லைக் கேட்டு எழுதி வைப்போம். அத்துடன் நில்லோம். கூலிக்காக இறங்கியவரின் பேரர்கள், ஆராய்ச்சிக்காக வானேறட்டும்!