கோயிலுக்கு அப்பாலும் ஒரு தலைநகரம்

அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருவோர் பெருவுடையாரை வணங்கி, நந்தி அருகே படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சுமார் 250 ஆண்டுகள் சோழப் பேரரசை ஆண்ட நகரம் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

கங்கைவரை படையனுப்பி வென்ற முதலாம் ராஜேந்திரன் தஞ்சையிலிருந்து தலைநகரை இங்கே மாற்றினான். 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் கை ஓங்கியது. சோழர் ஆட்சி முடிந்தது, நகரும் சிதைந்தது. அழிவு அத்தோடு நிற்கவில்லை. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டுவதற்காகக் கோயில் மதிலின் கற்களையே பெயர்த்துச் சென்றார்கள். எத்தனை பெரிய இழப்பு!

சோழர் அரண்மனை இருந்த இடமான மாளிகைமேட்டில் 1980 முதல் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் அரண்மனையின் செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் சீனப் பாண்டங்களின் துண்டுகளும் வெளிப்பட்டன. ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரிதான் இன்றைய பொன்னேரி.

கோயில், மேடு, ஏரி மூன்றையும் ஒரே நகரமாகக் கருதி அரசு காக்க வேண்டும். அடுத்த முறை செல்வோர் மாளிகைமேட்டுக்கும் ஒரு நடை போய்வாருங்கள்.